வில்லோபுரூக் மூடப்பட்டபின் அங்கிருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

கேள்வி: "மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக அரசு நடத்திப் பிறகு மூடிவிட்ட பெரிய விடுதி எதைப் பற்றியாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா? அங்கே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?"

நேரடியாகத் தெரியும் என்று சொன்னால் பொய். நியூயார்க்கின் வில்லோபுரூக் அரசு விடுதி 1987இல் மூடப்பட்டபோது நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் அங்கே வளர்ந்த ஒருவருக்குப் பல வருஷம் சாப்பாடு எடுத்துவைத்து, மருந்து கொடுத்து, நகம் வெட்டிவிட்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கல்யாணமாகி அமெரிக்கா வந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை நியூயார்க் நகரத்தின் ஒரு பகுதியான ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு குரூப் ஹோமில். சாதாரணத் தெருவில் சாதாரண வீடு. உள்ளே அறிவுசார் குறைபாடு உள்ள ஆறு பெரியவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஷிப்ட் ஷிப்டாக நாங்கள். ஆறு பேரில் ஒருவருடைய ஃபைலின் முகப்பிலேயே வில்லோபுரூக்காரர் என்று குறித்திருக்கும். வேலையில் சேரும்போதே ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்பதால் பேரைச் சொல்ல முடியாது. மனசுக்குள் நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பேச்சு கிடையாது. நாலைந்து சத்தங்கள், ஒரு சைகை, அப்புறம் சிரிப்பு. அவ்வளவுதான் அவருடைய பாஷை.

வில்லோபுரூக் இருந்ததும் ஸ்டேட்டன் ஐலண்டில்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராணுவம் அதை ஆஸ்பத்திரியாக வைத்திருந்தது. 1947இலிருந்து மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பேர் என்னவோ 'அரசுப் பள்ளி', ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் படிப்பு எதுவும் கிடைக்கவில்லை. 4,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 1960களில் 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1965இல் செனட்டர் ராபர்ட் கென்னடி சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிட்டு, 'பாம்புக் குழி' மாதிரி கொடுமையான இடம் என்று வெளியே வந்து சொன்னார். கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. பிறகு பட்ஜெட் வெட்டு வந்தது, போனவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை, நிலைமை இன்னும் மோசமானது.

இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பா சாப்பிடும் விதம்தான்.

தட்டு வைத்தவுடன் இடது கை தட்டைச் சுற்றி வளைத்துவிடும். தலை குனிந்து முகம் தட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். வலது கையில் கரண்டி நிற்காமல் ஓடும். மென்று விழுங்குவது என்ற பேச்சே இல்லை. நான் தண்ணீர் எடுத்துவந்து திரும்புவதற்குள் தட்டு காலி. பக்கத்துத் தட்டின் மேல் கண் போகும். ரொட்டித் துண்டு ஒன்று எப்படியோ பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருக்கும். படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணை உறைக்குள் காய்ந்த ரொட்டி கிடைக்கும். என்னோடு வேலை பார்த்த ஜமைக்காக்கார அக்கா, அவர் எனக்கு ரொம்ப முன்னால் சேர்ந்தவர், முதல் நாளே சொன்னார்: "அவர் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்காதே. அவர் பார்க்கும்போது தலையணையில் கையே வைக்காதே."

இந்தச் சாப்பாட்டு வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வில்லோபுரூக்கில் டாக்டராக இருந்த மைக்கேல் வில்கின்ஸ், ஒரு பிள்ளைக்கு ஊட்டச் சராசரியாக 3 நிமிஷம்தான் கிடைக்கிறது என்று 1972இல் டிவியில் சொன்னார். அதன் விளைவு என்ன என்று கேட்டபோது நிமோனியாவால் சாவு என்றார். கேட்பவருக்கு முதலில் புரியாது. அவசரமாகத் திணிக்கும் சாப்பாடு, விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு மூச்சுக்குழலில் இறங்கும். அங்கிருந்து நுரையீரல், அப்புறம் காய்ச்சல். எங்கள் குரூப் ஹோம் ஃப்ரிட்ஜ் கதவில் ஆளுக்கொரு சாப்பாட்டுத் திட்டம் ஒட்டியிருக்கும். எந்த அளவுக்கு நறுக்க வேண்டும், தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா, பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அதற்குப் பயிற்சி, பரீட்சை. இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். வில்கின்ஸ் பேசியதைப் போட்டுக் காட்டினால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

பெரியப்பாவுக்கு அக்கா கண்டுபிடித்திருந்த வழி எளிமையானது. முழுச் சாப்பாட்டையும் தட்டில் வைக்க மாட்டார். கொஞ்சம் தட்டில், மிச்சம் பாத்திரத்தோடு மேஜையின் நடுவில், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. தீர்ந்தால் இன்னும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூடவே நாங்களும் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவோம். சோறும் பருப்பும் அவருக்குப் பிடித்தது. டயட்டீஷியன் அனுமதியோடுதான் கொடுத்தேன், அதையும் எழுதிவைத்துவிடுகிறேன். கரண்டியின் ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வளைத்த கை மட்டும் கடைசிவரை தட்டைச் சுற்றியே இருந்தது.

சாப்பாடு தவிர இன்னொன்று, ஷூ. படுக்கப் போகும்போதும் கழற்ற விட மாட்டார். கழற்றினாலும் போர்வைக்குள் வேண்டும். அங்கே உடுப்பு பொது. காலையில் குவியலிலிருந்து கைக்கு வந்தது யாருக்கோ, வராதவர்களுக்கு ஒன்றும் இல்லை. துணியே இல்லாமல் பிள்ளைகள் தரையில் கிடப்பதுதான் 1972இல் எடுத்த படங்களில் பார்க்கிறவர் மனசைப் பிசைவது.

அந்தப் படங்கள் வெளியே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளூர்ப் பத்திரிகையான ஸ்டேட்டன் ஐலண்ட் அட்வான்ஸில் ஜேன் கர்ட்டின் என்ற நிருபர் 1971 கடைசியில் தொடர்ந்து எழுதினார். உள்ளே வில்கின்ஸும் எலிசபெத் லீ என்ற சமூகப் பணியாளரும் பெற்றோரைத் திரட்டினார்கள், இருவருக்கும் வேலை போனது. வேலையைப் பறித்தவர்கள் சாவியை வாங்க மறந்துவிட்டார்கள். வில்கின்ஸ் கையில் இருந்த அந்தச் சாவியால்தான் 1972 ஜனவரியில் ஹெரால்டோ ரிவேரா என்ற இளம் டிவி நிருபர் கேமராவோடு 6ஆம் எண் கட்டடத்துக்குள் போனார். மார்ச்சில் பெற்றோர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் ஜான் லெனன் நிதி திரட்ட மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடினார். 1975இல் மாநில அரசு நீதிமன்றத்தில் சமரசத்துக்குச் சம்மதித்தது. ஆட்களைப் படிப்படியாகக் குறைத்து ஊருக்குள் சிறு வீடுகளில் குடிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொன்ன கெடுவுக்குள் நடக்கவில்லை. இழுத்து இழுத்து 1987இல்தான் பூட்டினார்கள்.

வெளியே வந்து தங்கள் வாயால் சொல்ல முடிந்தவர்கள் சிலர். பெர்னார்ட் காராபெல்லோ அவர்களில் முக்கியமானவர். அவருக்கு இருந்தது மூளை முடக்குவாதம் மட்டும்தான். அறிவு வளர்ச்சி இல்லை என்று தவறாக முத்திரை குத்தி 3 வயதில் கொண்டுபோய் விட்டார்கள். 18 வருஷம் உள்ளே இருந்தார். ரிவேராவின் கேமரா முன் பேசியவரும் அவர்தான். பிறகு இப்படிப்பட்டவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் இயக்கத்தை நியூயார்க்கில் வளர்த்தார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சலும் வரும். 'ஐயோ, அறிவுள்ள பிள்ளையை அங்கே போட்டுவிட்டார்களே' என்பார்கள். அறிவு குறைந்த பிள்ளையைப் போட்டது மட்டும் சரியா?

கல்லீரல் விவகாரம் தனி. 1956 முதல் சால் க்ரூக்மன் என்ற டாக்டரின் குழு அங்கிருந்த சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தது. எப்படியும் அங்கே வந்துவிடக்கூடிய நோய்தானே என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள், உண்மை. ஆனால் இடமில்லை என்று சேர்க்கையை நிறுத்திவைத்திருந்த காலத்தில், ஆராய்ச்சி வார்டுக்குச் சம்மதித்தால் உடனே இடம் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? ஹெபடைடிஸ் என்ற இந்தக் கல்லீரல் நோயை ஏ, பி என்று இன்று நாம் பிரித்துச் சொல்வதற்கும், பி தடுப்பூசிக்கும் அந்த ஆராய்ச்சி வழி திறந்தது என்பதும் மறுக்க முடியாதது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட கையோடுதான் இதை டைப் செய்கிறேன். பலன் கிடைத்துவிட்டது என்பதால் செய்தது சரியாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்கு ஒரு வால் உண்டு. விடுதியை விட்டு வெளியே வந்த பிள்ளைகளில் சிலருடைய ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. 1970களின் கடைசியில் நியூயார்க் நகரப் பள்ளிகள் அவர்களைத் தனியே ஒதுக்கிவைக்கப் பார்த்தன. ஒதுக்கக் கூடாது என்று 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்ன பிறகுதான் அது ஓய்ந்தது.

சரி, என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். வழக்கில் அடங்கியவர்கள் 5,000 பேருக்கு மேல். பலர் இறந்துவிட்டார்கள். எல்லோரும் உடனே நல்ல வீட்டுக்குப் போய்விடவில்லை. சிலரை வேறு பெரிய விடுதிகளுக்கு மாற்றி, அங்கிருந்து வருஷங்கள் கழித்து வெளியே கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தில் குரூப் ஹோம் வருவதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது, வீட்டு விலை இறங்கிவிடும் என்ற வழக்கமான பயம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு இடம் தேர்வது எப்படி என்று 1978இல் மாநிலம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனால் வில்லோபுரூக்காரர்களுக்கு அந்த வழக்கால் ஓர் உரிமை சாகும்வரை உண்டு. அவர்கள் காரியங்களைக் கவனிக்கும் அலுவலர் ஒருவருக்கு 20 பேருக்கு மேல் பொறுப்புக் கொடுக்கக் கூடாது. சொந்தபந்தம் இல்லாதவருக்காகப் பேச நீதிமன்றம் அமைத்த குழு ஒன்று இருக்கிறது. பெரியப்பாவுக்கு யாரும் இல்லை. அந்தக் குழுவிலிருந்து ஒருவர் வருவார், அலமாரியைத் திறந்து சட்டைகளை எண்ணுவார், மருந்துச் சீட்டைப் பார்ப்பார், எங்களைக் கேள்வி கேட்டுக் குடைவார். போனபின் நாங்கள் அலுத்துக்கொள்வோம். ஆனால் அதே வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவர் வேறொரு விடுதியிலிருந்து வந்தவர். அவருக்காக இப்படிக் குடைய ஆள் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதம்.

வில்லோபுரூக் இருந்த இடத்தில் 1993இலிருந்து ஸ்டேட்டன் ஐலண்ட் கல்லூரி நடக்கிறது. பழைய கட்டடங்கள் சிலவற்றைப் புதுப்பித்து வகுப்பறைகள் ஆக்கியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சொல்லும் நடைபாதை ஒன்றும் இருக்கிறது. ஒருமுறை அங்கே ஒரு நிகழ்ச்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து எல்லோரையும் வேனில் அழைத்துப்போக வேண்டி வந்தது. பெரியப்பாவைக் கூட்டிப்போகலாமா, பழசு ஞாபகம் வந்து கலங்கிவிட்டால் என்ன செய்வது என்று பெரிய விவாதமே நடந்தது. மனநல ஆலோசகர் வரை போன் போனது. கடைசியில் கூட்டிப்போனோம். வேனிலிருந்து இறங்கினார், சுற்றிலும் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தோம். உள்ளே நுழைந்ததும் வராந்தாவில் ஒரு குளிர்பான மெஷின் அவர் கண்ணில் பட்டது. நேராக அதன் முன்னால் போய் நின்று என் கைப்பையைத் தட்டினார். ஆரஞ்சு சோடா குடித்தார், ஏப்பம் விட்டார், சிரித்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

அவருக்கு அந்த இடம் ஞாபகம் இருந்ததா, இல்லையா? என்னிடம் பதில் இல்லை, இட்டுக்கட்டவும் மாட்டேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. இங்கேயும் ஊரிலும் இப்படிப்பட்ட பிள்ளை உள்ள நம் ஆட்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: எங்களுக்குப் பிறகு யார்? பணம் போனால் போகட்டும், எல்லா வசதியோடும் நூறு இருநூறு பேர் தங்குகிற மாதிரி பெரிய வளாகம் ஒன்று இருந்தால் நிம்மதியாகக் கண்மூடலாம் என்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. வில்லோபுரூக்கில் பிள்ளையை விட்டவர்களும் கொடுமைக்காரர்கள் இல்லை. டாக்டர் சொன்னார், பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்தது, வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தார்கள். அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு உரிமை என்று மத்தியச் சட்டம் வந்ததே 1975இல்தான்.

அதனால் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பார்க்கப் போனால் தோட்டத்தையும் டைல்ஸையும் பார்த்துவிட்டு வராதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். எத்தனை பேருக்கு ஒருவர் ஊட்டுகிறார், ஊட்டுகிறவர் நின்றுகொண்டிருக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். உடுப்பில் பிள்ளையின் பேர் இருக்கிறதா, பொதுக் குவியலா என்று கேளுங்கள். வில்லோபுரூக்குக்குப் போன பெற்றோரைப் பார்வையாளர் அறையில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளையைக் கழுவித் துடைத்து அங்கே அழைத்துவருவார்களாம். வார்டுக்குள் விடுவதில்லை என்று அங்கே பிள்ளையை விட்டிருந்த குடும்பத்துக்காரர் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே முக்கியமாக, முன்கூட்டிப் போன் பண்ணாமல் போங்கள். வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் காக்கவைத்தால், காசோலைப் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.