கிரெடிட் ஓடும்போது டிவியை அணைக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. கார்ட்டூன் படத்தில் வில்லன் தலை தெரிந்தாலே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறாள். அவள் பயப்படாமல் பார்க்கிற படங்களிலோ எனக்கும் என் கணவருக்கும் பத்து நிமிடத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, 'மை நெய்பர் டோட்டோரோ' பாருங்கள். ஹயாவோ மியாசாகி இயக்கி 1988-ல் வெளிவந்த ஜப்பானியப் படம். 86 நிமிடம்தான். இதில் வில்லனே கிடையாது. கதை நடப்பது 1950-களில். அம்மா ஆஸ்பத்திரியில். அதற்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று அப்பா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒரு கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார். மூத்தவள் சாட்சுகி, சின்னவள் மேய்க்கு நான்கு வயது. வீட்டை ஒட்டிய காட்டில், ஒரு பிரம்மாண்டமான கற்பூர மரத்துக்குள் டோட்டோரோ இருக்கிறது. புசுபுசுவென்று ரோமம், பெரிய வயிறு, எந்நேரமும் தூக்கம்.

வில்லன் இல்லையே தவிர, பயப்பட இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய வீட்டின் இருட்டுக்குள் கரிப்பூச்சிகள் கூட்டமாக ஓடும். அப்பாவே பெண்களை உரக்கச் சிரிக்கவைத்து அந்தப் பயத்தைப் போக்கிவிடுவார், உங்கள் மகளும் கூடவே சிரிக்கட்டும். பூனைப் பேருந்து கண்ணையே விளக்காக்கி, பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு வரும். அது நல்ல பூனை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

கவனம் வேண்டியது கடைசிப் பகுதியில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. கையில் ஒரு சோளக்கதிரை இறுக்கிக்கொண்டு மேய் தனியாக அம்மாவைத் தேடிக் கிளம்பித் தொலைந்துபோகிறாள். ஊரார் குளத்தில் தேடுகிறார்கள். ஒரு குட்டிச் செருப்பு கிடைக்கிறது. சாட்சுகி மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்து, அது மேயுடையது இல்லை என்கிறாள். இந்த இரண்டு நிமிடம் மகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'மேய் கிடைச்சிடுவா' என்று முன்பே சொல்லிவிடுவதில் தவறில்லை. பயந்த சுபாவமுள்ள குழந்தைக்கு முடிவு தெரிந்திருப்பதுதான் தெம்பு.

ஒரே மூச்சில் உட்கார மாட்டாள் என்றால், விதைகள் முளைத்து மரமாகும் இரவுக் காட்சியோடு நிறுத்தி மிச்சத்தை மறுநாள் போடுங்கள். தந்தி வந்த பிறகு மட்டும் நிறுத்தவே கூடாது. ராத்திரி முழுக்க அவள் மனதில் மேய் தொலைந்தவளாகவே இருப்பாள்.

வசன வரிகளை அவளால் வேகமாகப் படிக்க முடியாது. படத்தில் பேச்சு குறைவு. அதனால் ஜப்பானிய ஒலியை அப்படியே விட்டு, தேவையான இடத்தில் மட்டும் நீங்கள் தமிழில் ஒரு வரி சொன்னால் போதும். ஃபோனில் காட்டாதீர்கள். மழையில் சகோதரிகள் அப்பாவின் பேருந்துக்காகக் காத்திருக்கும் காட்சியைப் பாருங்கள். மேய் அக்காவின் முதுகில் தூங்குகிறாள். குடைக்குக் கீழே முதலில் நகம் நீண்ட இரண்டு பாதங்கள்தான் தெரிகின்றன. தலையில் ஒற்றை இலையோடு நனைகிற டோட்டோரோவிடம் சாட்சுகி அப்பாவின் குடையை நீட்டுகிறாள். இலைகளிலிருந்து பொட்டுப் பொட்டென்று துளிகள் குடைமேல் விழ, அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. தொம்மென்று ஒரு குதி. மரத்துத் தண்ணீரெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்காவிட்டால் காட்சியே இல்லை. 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடவும் வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்றால், சாட்சுகி. அம்மா இல்லாத வீட்டில் மதிய உணவு கட்டுவது அவள், தங்கையைத் தேற்றுவது அவள். ஆஸ்பத்திரியில் அம்மா தலைவாரிவிடும்போது மட்டும்தான் அவள் குழந்தையாக உட்கார்ந்திருக்கிறாள். தந்தி வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பாட்டி முன்னால் உடைந்து அழுகிறாள். சின்னவர்கள் தொலைந்த மேயைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் கண்ணில் இவள்தான் நிற்பாள்.

கதை முடியும்போதும் அம்மா ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். அவர் வீடு திரும்புவது கிரெடிட்டோடு வரும் சித்திரங்களில்தான் வருகிறது. ஓடிடி தளங்கள் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கும். அந்த வசதியை முன்பே அணைத்துவையுங்கள். 'அம்மா வந்தாங்களா?' என்று மகள் கேட்டால் அங்கே காட்டுங்கள்.

இன்னொன்று. இதைப் பார்த்து மகிழ்ந்துபோய், அதே ஸ்டுடியோ ஜிப்லியின் படம்தானே என்று 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தைப் போட்டுவிடாதீர்கள். இசாவோ டகஹாடா இயக்கிய அது, ஜப்பானில் டோட்டோரோவோடு ஒரே டிக்கெட்டில் திரையிடப்பட்ட படம். ஆனால் போரில் அநாதையாகி, பசியால் மடியும் அண்ணன் தங்கையின் கதை. அடுத்து அவளுக்கு 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' (1989) காட்டுங்கள். டகஹாடாவின் படத்தை அவள் தூங்கிய பிறகு நீங்கள் இருவர் மட்டும் பாருங்கள்.