சுவரடியில் ஏறும் ஈரம்

கேள்வி: தம்பலகாமத்தில் வயல்காணியை நிரப்பிக் கட்டிய வீடு எங்களுடையது. மார்கழி வந்தால் சுவரின் அடி இரண்டடிக்கு நனைந்து பெயின்ட் உரிகிறது. ஆனி, ஆடியில் யன்னல் மூலையில் வெடிப்பு விரிகிறது. வெளியே தண்ணீர் புகாத பூச்சு பூசினால் போதும் என்கிறார் மேசன். பூசலாமா?

பதில்: இப்போது பூச வேண்டாம். ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்றால் வெளிப்பக்கத்தை அடைத்தவுடன் அது காய வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், காசும் போய்விடும். முதலில் நல்ல மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வந்து, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர், வாடைக்காற்றுக் காலத்தில் அவ்வளவு மழை பெய்வது பெரிய விஷயமே இல்லை, கூரை ஓரத்தில் பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் அத்திவாரத்தின் காலடியில்தான் இறங்கும். ஆகவே பீலி போட்டு, குழாயை ஆறடிக்காவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். சுவரிலிருந்து பத்தடிக்கு ஆறு அங்குலம் சரிவு வருகிற மாதிரி கிறவலைப் போட்டு இடித்து இறுக்குங்கள், மணல் கூடாது, அது தண்ணீரை உள்ளே விட்டுவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், முற்றம் டிபிசிக்கு, அதாவது ஈரம் மேலே ஏறாமல் சுவரடியில் போடும் தடுப்புப் படைக்கு, ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். வடிவுக்கென்று முற்றத்தை உயர்த்திக் கொங்கிறீட் போட்டு டிபிசியையே புதைத்துவிட்டு, பிறகு ஈரம் என்று அழுகிறவர்கள்தான் நம்மூரில் அதிகம்.

வெடிப்புக்கு வருவோம். வயல் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். மாரியில் மூடி, கோடையில் திறந்தால் களிமண்ணின் வேலை. பக்கத்தில் பெரிய மரம் நின்றால் இன்னும் மோசம். மாரியிலும் மூடாமல் வருடாவருடம் நீண்டுகொண்டே போனால் நிரப்பிய மண் இன்னும் அமர்கிறது, அப்போது மேசனை விட்டுவிட்டு எஞ்சினியர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. வீட்டுக்குக் கீழே ஒரு களஞ்சிய அறை கட்ட ஆசை.

பதில்: மார்கழியில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குக் கீழே அறையின் தரை வருமென்றால் விட்டுவிடுங்கள், மணலுக்குள் நிற்கும் தண்ணீர் நாலு பக்கமும் நெருக்கித் தரையை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும், உப்பு கம்பியைத் தின்னும். மாடியில் கட்டுங்கள்.