நீர்மருதுப் பட்டை உரிந்தால் மரம் சாகப்போகிறதா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத் தோட்டம். வாய்க்காலோரம் நிற்கும் பெரிய நீர்மருதில் பட்டை தகடு தகடாக உரிகிறது. பக்கத்து வேம்பில் அப்படி இல்லை. "பட்டுப்போற மரமுங்க, இப்பவே குடுத்துருங்க" என்கிறார் மர வியாபாரி. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பட்டை உரிவது நீர்மருதின் இயல்பு. அடிமரம் பருக்கும்போது வெளிப்பட்டை கூடவே விரியாது. வேம்பு, கருவேலத்தில் அது வெடித்து, மரத்தோடேயே தங்கிவிடும். நீர்மருது, கொய்யா, தைலமரம் பழையதை உதிர்த்துவிடும். சத்தியமங்கலம் காட்டுக் கருமருது நீர்மருதுக்குப் பங்காளிதான். ஆனால் அதன் பட்டை கருத்துத் தடித்து, முதலை முதுகாட்டம் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும்.

உரிந்த இடத்தைப் பாருங்கள். வெளிர்சாம்பலாக, வழவழவென்று புதுப்பட்டை இருக்கும். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே ஈரம் தெரியும். தெரிந்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை.

ஒரே ஒரு சங்கதி மட்டும் வேறு. மரத்தடியில் கரும்புச் சோகைக்கு, அதாவது காய்ந்த கரும்பு இலைக்குத் தீ வைத்தீர்களா? கருமருதின் தடித்த பட்டை காட்டுத்தீயைத் தாங்கும். நீர்மருது ஆற்றங்கரை மரம், அந்தச் சூடு அதற்கு ஆகாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிருள்ள படலம் வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து, தீப்பட்ட பக்கம் மட்டும் பட்டை கழன்று காய்ந்த கட்டை தெரியும். தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். அப்போதும் வெட்ட அவசரப்பட வேண்டாம். மறுபக்கப் பட்டை உயிரோடிருந்தால் மரம் பிழைக்க வழியுண்டு. காயத்தில் தாரோ சிமெண்டோ பூசாதீர்கள். இனி சோகையை மரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள்.

இன்னொரு கூட்டமும் வரும்: "பட்டை மட்டும் போதுங்க, மரம் உங்களுக்கே." மருந்துக்கு விலைபோகும் பட்டை அது. இலை செய்யும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். பிறகு அதே ஆள் வந்து விறகு விலைக்குக் கேட்பார்.

மரம் பட்டாவில் நிற்கிறதா, வாய்க்கால் புறம்போக்கிலா என்று முதலில் அளந்து பாருங்கள். புறம்போக்கு என்றால் விற்க உங்களுக்கு உரிமையில்லை. வெட்டினால் வழக்கு உங்கள் தலையில் விழும், வியாபாரி தப்பிவிடுவார். எந்த மரத்துக்கு யாரிடம் அனுமதி என்பதை ஒரு தாளில் எழுதி ஊராட்சி ஆபீசில் ஒட்ட இத்தனை வருஷமா? இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அட்வான்ஸ் வாங்கியிருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.