இரண்டு மூன்று கணினிகளில் ஈமேக்ஸ் எடிட்டருக்கு ஒரே அமைப்பு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஆர்க் கோப்பில் (விளக்கமும் நிரலும் கலந்து எழுதும் உரைக் கோப்பு) எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். ஆறு வருடமாக நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் நான் செய்த ஒரு மடத்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

வீட்டில் லினக்ஸ், ஆபீஸில் மேக், உங்கள் கதையும் இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1984இல் எழுதிய லிட்டரேட் புரோகிராமிங்தான் இதற்கு மூலம்: மனிதன் படிப்பதற்கு விளக்கம் எழுதி, நடுநடுவே நிரலை வைத்து, கணினிக்கு வேண்டியதை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது. அந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்கு அவர் வைத்த டேங்கிள் என்ற பெயரைத்தான் ஆர்க் கோப்புகளைக் கையாளும் ஈமேக்ஸின் ஆர்க் மோடும் வைத்திருக்கிறது. 'இந்தத் துண்டு மேக்குக்கு மட்டும்' என்று ஒவ்வொரு நிரல் துண்டின் தலைப்பிலும் நிபந்தனை போடலாம். நானும் போட்டேன்.

அப்புறம் அந்த ஃபோல்டரை அப்படியே கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங்கில் சேர்த்துவிட்டேன். மறுநாள் ஆபீஸில் கமாண்ட் விசையை மெட்டாவாக (ஈமேக்ஸ் கட்டளைகளுக்கான விசை) மாற்றிய வரி வேலை செய்யவில்லை, எழுத்துப்பிழை பார்க்கும் ஆஸ்பெல் எங்கே என்றே ஈமேக்ஸுக்குத் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணி வரை ஆர்க் கோப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கே என்றால், அந்த நிபந்தனை பார்க்கப்படுவது டேங்கிள் செய்யும்போதுதான். வீட்டு லினக்ஸில் பிரித்தெடுத்த எலிஸ்ப் (ஈமேக்ஸின் நிரல்மொழி) கோப்பும் சேர்ந்து மேக்குக்குப் போயிருக்கிறது, அதன் நேரம் ஆர்க் கோப்பைவிடப் புதிது, அதனால் மேக் மறுபடி பிரிக்காமல் அதையே ஏற்றிவிட்டது. ஆர்க் கோப்பை மட்டும் பகிருங்கள், மற்றதை விலக்குப் பட்டியலில் போடுங்கள். நான் அதோடு விடாமல் நிபந்தனைகளையும் தலைப்பிலிருந்து எடுத்து நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன், ஈமேக்ஸ் திறக்கும்போது எந்தக் கணினி என்று அதுவே பார்த்துக்கொள்ளட்டும்.

விஎஸ் கோட் எடிட்டரில் அமைப்புகளைத் தானே ஒத்திசைக்கும் செட்டிங்ஸ் சிங்க் இருக்கிறதே என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு வரியை ஏன் எழுதினேன் என்று மூன்று வருடம் கழித்து அது எனக்குச் சொல்லாது.

இவ்வளவும் செய்து முடித்தபிறகு ஆபீஸில் அந்த மேக்கைத் திருப்பிக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை மெயில், திங்கள் காலை ஒப்படைக்க வேண்டுமாம், பதிலுக்கு ஒரு விண்டோஸ். அதில் ஈமேக்ஸ் நிறுவ அனுமதி கேட்டு டிக்கெட் போட்டு இன்றோடு பதினோரு நாள். 'நோட்பேட் போதாதா?' என்று கேட்டு ஒருவர் அதை மூடியும் விட்டார்.