கிருமியை விழுங்கவைக்கும் ஏற்பிகள்: கேள்வி பதில்

கேள்வி: மேக்ரோபேஜ் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணு), கிருமி மேலே பட்டாலே விழுங்கிவிடுமா?

பதில்: ஒட்டுவது வேறு, விழுங்குவது வேறு. கிருமியின் மேல் ஐஜிஜி ஆன்டிபாடி படிந்திருந்தால், அந்த ஆன்டிபாடியின் வால் பகுதியை மேக்ரோபேஜின் மேலிருக்கும் எஃப்சி காமா ஏற்பிகள் பிடிக்கும். ஓர் ஏற்பி பிடித்தால் ஒன்றும் நடக்காது. பல ஏற்பிகள் ஓரிடத்தில் நெருங்கிச் சேர்ந்தால்தான் உள்ளே சிக் என்ற நொதி முடுக்கப்பட்டு, செல்லுக்கு அசைவு தரும் ஆக்டின் புரத இழைகள் செல்சவ்வை வெளியே தள்ளும். சவ்வு ஜிப் போடுவதுபோல ஏற்பி ஏற்பியாகக் கிருமியைச் சுற்றி மூடும். ஒரு பாதியில் மட்டும் ஐஜிஜி இருந்தால் சவ்வு அந்த எல்லையிலேயே நின்றுவிடும். 1970களிலேயே சோதித்துக் காட்டிய விஷயம் இது.

கேள்வி: கிருமியின் அடையாளங்களை உணரும் டிஎல்ஆர் (Toll-like receptor) ஏற்பிகளும் விழுங்க உதவுமா?

பதில்: நேரடியாக இல்லை. அவை எச்சரிக்கை மணி அடிப்பவை. பூஞ்சைச் சுவரின் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் டெக்டின்-1 ஏற்பியோ இரண்டு வேலையும் பார்க்கும்.

கேள்வி: சார், எம்.எஸ்சி புராஜெக்டில் பச்சை ஒளிர் மணிகளை வைத்து விழுங்கலை அளக்கிறேன். 4 டிகிரியில் வைத்த செல்களும் ஒளிர்கின்றனவே?

பதில்: வெளியே ஒட்டிய மணிகள் அவை. குளிரில் ஏற்பி பிடிக்கும், ஆக்டின் நகராது. அளப்பதற்கு முன், உயிருள்ள செல்லுக்குள் புகாத டிரைபான் புளூ என்ற நீலச் சாயத்தைச் சேருங்கள். மணியின் பச்சைச் சாயம் அதன் பரப்பில் இருந்தால் வெளியே இருப்பவற்றின் ஒளி அமுங்கும். பச்சைச் சாயம் மணிக்குள்ளேயே கலந்த வகை என்றால் இது பலிக்காது, வாங்கும்போதே பாருங்கள். ஆக்டினைத் தடுக்கும் சைட்டோகலாசின் டி போட்ட கன்ட்ரோலும் வேண்டும். மணிகள் கட்டிகட்டியாக இருந்தால் முதலில் சோனிகேட் செய்யுங்கள் (மீயொலியால் பிரியுங்கள்). காம்ப்ளிமெண்டின் (கிருமிமேல் படிந்து விழுங்க உதவும் ரத்தப் புரதங்களின்) பங்கைப் பிரித்தறிய, சீரத்தின் ஒரு பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள்: காம்ப்ளிமெண்ட் செயலிழக்கும், ஐஜிஜி தங்கும். ஈடிடிஏ பிளாஸ்மாவைத் தொடாதீர்கள். ஈடிடிஏ கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், அவை இல்லாமல் காம்ப்ளிமெண்ட் வேலை செய்யாது.

கேள்வி: ஆன்டிபாடி இருந்தால் எப்போதும் நல்லதுதானே?

பதில்: டெங்குவில் அப்படிச் சொல்ல முடியாது. முந்தைய தொற்றின் ஆன்டிபாடி வேறொரு வகை டெங்கு வைரஸில் ஒட்டும், ஆனால் முடக்காது. அந்த வைரஸ் எஃப்சி ஏற்பி வழியாகவே மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் நுழைந்து பெருகும்.

கேள்வி: மண்ணீரலை எடுக்கப்போகிறவருக்கு ஏன் நிமோகாக்கஸ் (நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா) தடுப்பூசி?

பதில்: அந்தக் கிருமியின் சர்க்கரை உறை, ஏற்பிகள் பிடிக்க இடம் கொடுக்காது. உறைமேல் ஆன்டிபாடி படிந்தால்தான் பிடி கிடைக்கும். ரத்தத்தில் அப்படிப் படிந்தவற்றை வடிகட்டும் முக்கிய இடமே மண்ணீரல். திட்டமிட்ட அறுவையென்றால் குறைந்தது 2 வாரம் முன்பே ஊசி போடவேண்டும்.

கேள்வி: பிறந்து 5 வாரமாகியும் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழவில்லை, வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகம். ஏற்பிக் குறையா?

பதில்: இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். வெள்ளணுக்களின் மேலிருக்கும் சிடி18 புரதம் குறைந்தால், காம்ப்ளிமெண்ட் படிந்த கிருமியைப் பிடிக்கும் சிஆர்3 ஏற்பி உருவாகாது. நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தக்குழாயைவிட்டு வெளியேறவும் முடியாது. அதனால்தான் எண்ணிக்கை ஏறும், புண்ணில் சீழ் இருக்காது. குழந்தை மருத்துவரிடம் சொல்லி சிடி18-க்கு ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்மேல் உள்ள புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள்.