இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்கிய ஃபுளோரிடா: கச்சக் பரிமாற்றத்தில் லாபம் யாருக்கு?

கேள்வி: நான் கனடாவின் கேல்கரி நகரில் வேலை பார்க்கிறேன். ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 2022-இல் மேத்யூ கச்சக்கை ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணிக்குக் கொடுத்து, ஜோனதன் ஹூபர்டோவையும் மெக்கென்சி வீகரையும் கேல்கரி ஃபிளேம்ஸ் வாங்கியதைப் பற்றி அலுவலகத்தில் இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை. கேல்கரி ஏமாந்துபோனது என்கிறார் ஒருவர். அன்றைய நெருக்கடியில் அதைவிட நல்ல பேரம் யாருக்கும் படிந்திருக்காது என்கிறார் இன்னொருவர். இருவருமே எண்களை வைத்துத்தான் பேசுகிறார்கள். யார் சொல்வது சரி? அடுத்த முறை இப்படி ஒரு பரிமாற்றம் நடந்தால், நானே மதிப்பிடுவதற்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, வாதம் முடியாமல் நீள்வதற்குக் காரணம் அதுதான். ஒருவர் விளைவைப் பார்க்கிறார், மற்றவர் முடிவெடுத்த நாளைப் பார்க்கிறார். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பரிமாற்றத்தால் பெரும் பயன் அடைந்தது ஃபுளோரிடா என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேல்கரி கோட்டைவிட்டது பரிமாற்றம் நடந்த 2022 ஜூலை 22 அன்று அல்ல, அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஹூபர்டோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான்.

ஜூலை மாதத்து நிலைமையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 2021-22 பருவத்தில் கேல்கரி 111 புள்ளிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. கச்சக் 42 கோல்களும் 62 அசிஸ்ட்டுகளுமாக (சக வீரரின் கோலுக்கு வழிவகுத்த பாஸ்கள்) 104 புள்ளிகள் எடுத்திருந்தார். மறைந்த ஜானி கோட்ரோ அதே அணிக்காக 115 புள்ளிகள் எடுத்திருந்தார். பருவம் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்த கோட்ரோ, ஜூலை 13 அன்று கொலம்பஸ் அணிக்குப் போய்விட்டார். பதிலுக்குக் கேல்கரிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அந்த அடி ஆறுவதற்குள், நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போவதில்லை என்று கச்சக்கும் சொல்லிவிட்டார். அவர்மீதான உரிமை இன்னும் ஓராண்டுக்கு மட்டும் கேல்கரியிடம் இருந்தது. 2023 கோடையில் அவரும் கோட்ரோவைப் போலவே விரும்பிய அணிக்குப் போயிருக்கலாம். இது மற்ற அணிகளுக்கும் தெரியும். விற்றே தீர வேண்டிய நிலையில் இருப்பவனிடம் விலையைக் குறைத்துக் கேட்பதுதான் உலக வழக்கம். அப்படிப்பட்ட நேரத்தில் அன்றைய பொது மேலாளர் பிராட் ட்ரெலிவிங் பேசி முடித்த பேரம் என்ன என்பதைக் கவனியுங்கள்.

கேல்கரி கொடுத்தவை: கச்சக், நிபந்தனையுடன் கூடிய ஒரு நான்காம் சுற்று டிராஃப்ட் தேர்வு (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). பெற்றவை: முந்தைய பருவத்தில் 115 புள்ளிகள் எடுத்த ஹூபர்டோ, ஃபுளோரிடாவின் முதல் தடுப்பு இணையில் ஆடிய வீகர், இளம் வீரர் கோல் ஷ்விண்ட், நிபந்தனையுடன் கூடிய ஒரு முதல் சுற்றுத் தேர்வு. அந்தப் பருவத்தில் ஹூபர்டோ எடுத்த 85 அசிஸ்ட்டுகள், இடது விங்கர் ஒருவர் ஒரே பருவத்தில் அதுவரை எடுத்தவற்றிலேயே அதிகம். சம்பளக் கணக்கு இன்னும் வியப்பானது. ஹூபர்டோவுக்கு ஆண்டுக்கு 59 லட்சம் டாலர், வீகருக்கு 32.5 லட்சம் டாலர். இருவருக்கும் சேர்த்து 91.5 லட்சம். கச்சக்குடைய புதிய ஒப்பந்தமோ எட்டு ஆண்டுகளுக்கு 7.6 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 95 லட்சம். ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்தின் உச்சவரம்பு 8.25 கோடியாக இருந்த 2022-23 பருவத்தில், கச்சக் ஒருவருக்கு ஆகக்கூடிய செலவைவிடக் குறைந்த தொகையில் இரண்டு முன்னணி வீரர்கள் கேல்கரிக்குக் கிடைத்தார்கள். அன்றைக்கு இதைக் கேல்கரியின் சாமர்த்தியம் என்று பாராட்டியவர்கள் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த எட்டு ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இந்த அணிகள் ஆடும் வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிகளின்படி அன்று ஒரு வீரர் எட்டு ஆண்டு ஒப்பந்தம் பெற வேண்டுமானால், தன்மீது உரிமை வைத்திருக்கும் அணியுடன்தான் கையெழுத்திட வேண்டும். வேறு அணிக்குப் போனால் ஏழு ஆண்டுகள்தான். ஆகவே கச்சக் முதலில் கேல்கரியுடன் கையெழுத்திட்டு, அந்த ஒப்பந்தத்தோடு ஃபுளோரிடாவுக்கு அனுப்பப்பட்டார். இதன் பொருள், ஃபுளோரிடா வாங்கியது 24 வயது வீரரின் எட்டு ஆண்டுகளை. கேல்கரி வாங்கியதோ 29 வயதும் 28 வயதும் நிரம்பிய இருவரின் தலா ஓராண்டை. அன்றைய புள்ளிவிவரப் பட்டியல்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. அலுவலக விவாதத்திலும் இது விடுபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் வினை. ஹூபர்டோ புதிய அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, ஆகஸ்ட் முதல் வாரத்தில் எட்டு ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கேல்கரி அவருக்கு அளித்தது. ஆண்டுக்கு 1.05 கோடி. அது 2023-24 பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்து, அவருக்கு 38 வயதை நெருங்கும்வரை நீடிக்கும். பழைய ஒப்பந்தத்தில் முழுதாக ஓராண்டு மிச்சமிருந்தது, பொறுத்திருந்து பார்த்திருக்கலாம். கோட்ரோவை வெறுங்கையோடு இழந்த காயம் பச்சையாக இருந்ததால், இன்னொரு நட்சத்திரமும் அப்படிப் போய்விடக் கூடாது என்று நிர்வாகம் அவசரப்பட்டது புரிந்துகொள்ளக்கூடியதே. புரிந்துகொள்ளக்கூடியது என்பதால் அது சரியாகிவிடாது.

2022-23 பருவத்தில் ஹூபர்டோ எடுத்தவை 55 புள்ளிகள். 115-லிருந்து 55. காயத்தால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கவில்லை, 79 ஆட்டங்கள் ஆடினார். அப்படி முழுப் பருவமும் ஆடிய ஒரு வீரர் 60 புள்ளிகள் சரிவது அபூர்வத்திலும் அபூர்வம். லீக்கிலேயே அதிக கோல் அடித்த, எதிரணி திரும்பி நிற்பதற்குள் பாய்ந்து தாக்கும் ஃபுளோரிடாவில் பாஸ் கொடுத்து வளர்ந்தவர், கேல்கரியின் அன்றைய பயிற்சியாளர் டேரில் சட்டரின் கட்டுக்கோப்பான, பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எதிரணி மூலையில் தள்ளிவிட்டு முட்டிமோதிப் பறிக்கும் ஆட்டத்துக்குள் வந்து திணறினார் என்பது பரவலான விளக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. சட்டர் 2023 மே மாதம் நீக்கப்பட்ட பிறகும் அடுத்த பருவத்தில் 52 புள்ளிகள்தான் வந்தன. 2024-25 பருவத்தில் 28 கோல்களுடன் 62 புள்ளிகளுக்கு ஏறினார். தற்காப்பிலும் உழைக்கும் பயனுள்ள ஆட்டக்காரராக அவர் மாறியிருந்தார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1.05 கோடி டாலர் அதற்கான விலை அல்ல.

ஃபுளோரிடாவின் பக்கம் சொல்லவே வேண்டாம். கச்சக் முதல் பருவத்திலேயே 109 புள்ளிகள் எடுத்தார். அணி 2023-இல் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றுவரை சென்று வேகாஸிடம் தோற்றது. 2024-இலும் 2025-இலும் எட்மன்டனை வீழ்த்திக் கோப்பையை வென்றது. கேல்கரி அந்த மூன்று ஆண்டுகளிலும் பிளே-ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

இருந்தாலும் கோப்பைகளை எண்ணி மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 2022-23 புள்ளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கேல்கரி 93 புள்ளிகள் எடுத்து மேற்குப் பிரிவில் பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. ஃபுளோரிடா 92 புள்ளிகள் எடுத்துக் கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தைப் பிடித்து உள்ளே போனது. முதல் சுற்றில் 135 புள்ளிகள் என்ற சாதனையோடு வந்த பாஸ்டனிடம் 1-3 என்று பின்தங்கி, ஐந்தாவது ஆட்டத்தைக் கச்சக் கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் பிழைத்து, ஏழாவது ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடமே மீதமிருந்தபோது பிராண்டன் மான்டூர் அடித்த கோலால் சமன் செய்து, பிறகு கூடுதல் நேரத்தில் வென்றது. அந்த ஒரு பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால், அந்தக் கோடையில் கேல்கரி ரசிகர்களின் புலம்பல் பாதியாகக் குறைந்திருக்கும். பரிமாற்றத்தின் தரமோ அப்படியேதான் இருந்திருக்கும்.

இரண்டு கோப்பைகளையும் கச்சக் ஒருவர் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை. அணித் தலைவர் பார்கோவும் கோல் காப்பாளர் பாப்ராவ்ஸ்கியும் அவருக்கு முன்பே அங்கே இருந்தவர்கள். 2023-24 பருவத்தில் 57 கோல் அடித்த சாம் ரைன்ஹார்ட், 2021-இல் பஃபலோவிலிருந்து வந்தவர். 2025 பிளே-ஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்ற சாம் பென்னெட் எங்கிருந்து வந்தார் என்று நினைக்கிறீர்கள்? 2021 ஏப்ரலில் இதே கேல்கரிதான் ஓர் இளம் வீரருக்கும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கும் ஈடாக அவரை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தது. நிஜமாகவே ஒருதலையான பேரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், நான் அதைத்தான் சொல்வேன்.

கேல்கரி பெற்றவற்றில் பலரும் எண்ண மறப்பது வீகரை. ஆண்டுக்கு 62.5 லட்சம் டாலருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட அவர், 2023-24 பருவத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே 20 கோல் அடித்தார். அந்த ஒப்பந்தம் கேல்கரிக்கு லாபம். ஷ்விண்ட் 2024-இல் வேய்வர் மூலம் (ஓர் அணி விடுவிக்கும் வீரரை வேறு அணி ஈடின்றி எடுத்துக்கொள்ளும் முறை) வேகாஸுக்குப் போய்விட்டார், அந்தக் கணக்கு முடிந்தது. முதல் சுற்றுத் தேர்வோ, மான்ட்ரியலுடன் செய்த இன்னொரு பரிமாற்றத்தின் நிபந்தனைகளோடு பின்னிக்கொண்டு, கடைசியில் 2025-இல் 32-ஆவது தேர்வாகக் கேல்கரியிடம் வந்தது. முப்பத்திரண்டு அணிகள் உள்ள லீக்கில் அதுதான் முதல் சுற்றின் கடைசி இடம். கோப்பை வென்ற அணியின் தேர்வு அங்கேதான் விழும். கச்சக் ஃபுளோரிடாவை உயர்த்த உயர்த்த, அவருக்கு ஈடாகக் கேல்கரி பெற்ற தேர்வின் மதிப்பு தேய்ந்துகொண்டே வந்தது.

இனி, நீங்களே மதிப்பிடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். பரிமாற்றச் செய்தி வந்ததும் முந்தைய பருவத்துப் புள்ளிகளைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் எந்த ஆண்டு முடிகிறது, அப்போது அவருக்கு என்ன வயது என்பதை முதலில் பாருங்கள். ஐ.பி.எல். பார்த்துப் பழகியவர்களுக்கு இது கைவரச் சற்று நேரமாகும். ஜடேஜாவையும் சாம் கரணையும் கொடுத்துச் சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியதுகூட இரண்டுக்கு ஒன்றுதான். ஆனால் அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து கணக்கைக் கலைத்துவிடும். என்.எச்.எல்.-இல் தவறான ஒப்பந்தம் பல ஆண்டுகள் கூடவே வரும்.

சம்பளத்தை டாலரில் பார்க்காமல், உச்சவரம்பில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். உச்சவரம்பு 9.55 கோடியாக உயர்ந்த 2025-26 பருவத்தில் கச்சக்கின் பங்கு 11.5 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 10-ஆகக் குறைந்துவிட்டது. ஹூபர்டோவின் பங்கும் 12.6-இலிருந்து 11-க்கு இறங்கியது. நேரம் ஆக ஆகக் கெட்ட ஒப்பந்தம்கூட இப்படிக் கொஞ்சம் இலேசாகும்.

கொடுத்த அணிக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதும் முக்கியம். கேல்கரிக்கு இருந்த மாற்று, கச்சக்கை ஓராண்டு வைத்திருந்து வெறுங்கையோடு அனுப்புவதுதான். எட்டு ஆண்டுகள் கச்சக் ஆடியிருந்தால் என்ற கற்பனையோடு ஒப்பிடுகிறவர்கள், இல்லாத ஒன்றை இழந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்கள்.

தீர்ப்புக்கு அவசரப்படவும் வேண்டாம். 1992-இல் எரிக் லின்ட்ராஸைப் பிலடெல்பியாவுக்கு விட்டுக்கொடுத்த க்யூபெக், பல வீரர்களையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் 1.5 கோடி டாலரையும் பெற்றது. அப்போது என்.எச்.எல்.-இல் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் அந்தக் கூட்டத்தில் ஒருவர். 1995-இல் லின்ட்ராஸ் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வாங்கியபோது, பிலடெல்பியாவுக்கே லாபம் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தேர்வுகளில் ஒன்றில் எடுத்த கோல் காப்பாளர் ஜோஸ்லின் திபோ உள்ளிட்டோரைக் கொடுத்து, க்யூபெக்கிலிருந்து டென்வருக்குக் குடிபெயர்ந்த அணி 1995 டிசம்பரில் நட்சத்திரக் கோல் காப்பாளர் பாட்ரிக் ருவாவை வாங்கியது. 1996-இல் கோப்பையையும் வென்றது.

எண்களுக்கு நான் பார்ப்பது, ஒப்பந்த விவரங்களுக்குப் பக்பீடியாவையும் ஆட்டக் கணக்குகளுக்கு ஹாக்கி ரெஃபரன்ஸையும்தான். பழைய ரசிகர்கள் சொல்லும் கேப்ஃபிரெண்ட்லி தளத்தை 2024-இல் வாஷிங்டன் அணியே விலைக்கு வாங்கி மூடிவிட்டது. பக்பீடியாவில் ஹூபர்டோவின் பக்கத்தைத் திறந்து, கையெழுத்திட்ட மாதத்தையும் ஒப்பந்தம் தொடங்கிய பருவத்தையும் உங்கள் நண்பர்கள் இருவருக்கும் காட்டுங்கள்.