வாசகர் கேள்வி பதில்: நினைத்தது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு

கே: அலுவலக மின்னஞ்சல்களைச் சுற்றி வளைக்காமல் சுருக்கமாக எழுதுவது என் வழக்கம். ஆனால் படிப்பவர்கள், “எதற்கு இவ்வளவு கோபம்?” என்கிறார்கள். எனக்குத் துளியும் கோபம் இல்லை. எங்கே தப்பு?

ப: எழுதும்போது உங்கள் குரலும் உங்கள் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். படிப்பவருக்குக் கிடைப்பது வெறும் எழுத்து. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். கிண்டலாகச் சிலதும் நிஜமாகச் சிலதுமாக வாக்கியங்களை எழுதி அனுப்பியவர்கள், எது எந்த வகை என்று பெறுபவர் சுமார் 78 சதவீதம் சரியாகச் சொல்லிவிடுவார் என்று நம்பினார்கள். மின்னஞ்சலில் சரியாகச் சொன்னது 56 சதவீதம்தான். குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வரும்! குரலாகக் கேட்டவர்கள் 73 சதவீதத்தை எட்டினார்கள்.

“அறிக்கை இன்னும் வரவில்லை. ஏன்?” என்ற வரியைப் பாருங்கள். தனியாக நிற்கும் அந்த “ஏன்” விசாரணை போலத்தான் படும். உங்களுக்குத் தேவை காரணமா, அறிக்கையா? அறிக்கைதான் என்றால் இப்படி எழுதலாம்: “நாளை காலை 10 மணிக் கூட்டத்துக்கு அறிக்கை வேண்டும். இன்று மாலை 4 மணிக்குள் அனுப்ப முடியுமா? ஏதாவது பகுதி முடியாமல் இருந்தால், முடிந்தவரை அனுப்புங்கள்.” நீளம் கூடியிருக்கிறது. ஆனால் எதற்கு, எப்போது, முடியாவிட்டால் என்ன என்ற மூன்றும் வந்துவிட்டன. சுருக்கம் என்ற பெயரில் நாம் வெட்டி எறிவது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்.

எழுதத் தொடங்கும் முன், “இதைப் படித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்?” என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த மின்னஞ்சலுக்கு இன்னும் நேரம் வரவில்லை. எழுத வந்தால் அதுவே முதல் வரி. எரிச்சலில் எழுதுகிறீர்கள் என்றால் பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். உங்களைப் பிடிக்காத ஒருவர் படிக்கிற தொனியில் வாய்விட்டு ஒருமுறை படித்த பிறகு அனுப்புங்கள். காரணம் சொல்லாமல் மேலாளரை நகலில் சேர்த்தால், எவ்வளவு கனிவாக எழுதினாலும் அது புகாராகத்தான் படிக்கப்படும். மின்னஞ்சல் இரண்டு முறை போய்வந்தும் தெளிவு பிறக்கவில்லையா? போன் செய்துவிடுங்கள். பேசி முடிவானதை இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் போதும்.

கே: கூட்டத்தில் யாராவது என் திட்டத்தைக் குறை சொன்னால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசிவிடுகிறேன். அடக்கிக்கொள்ள வழி உண்டா?

ப: அடக்குவதைவிட முன்கூட்டியே கண்டுகொள்வது சுலபம். வாய் திறக்கும் முன்பே உடம்பு சொல்லிவிடும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குப் பேச்சு வேகம் பிடிக்கும். உங்களுக்கு எது என்று அடுத்த சில கூட்டங்களில் கவனியுங்கள். அது தெரிந்த கணமே பேனாவை எடுத்து, எதிராளி சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, “செலவு கூடும் என்பது உங்கள் கவலையா, நாள் போதாது என்பதா?” என்று கேளுங்கள்.

இடையில் இரண்டு விநாடி மௌனம் வந்தால் பதறாதீர்கள். பத்து மொழிகளின் உரையாடல்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஏறக்குறைய 0.2 விநாடிதான். அதனால் இரண்டு விநாடி உங்களுக்கு யுகமாகத் தெரியும். மற்றவர்கள் கண்ணுக்கு நீங்கள் யோசிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் மனதுக்குள் பதிலடியைக் கூர் தீட்டினால், அடுத்து கேட்கும் கேள்வியே குத்தலாக வந்து விழும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கூட்டம் முடிந்த பிறகு, “நான் எப்படிப் பேசினேன்?” என்று சக ஊழியரைக் கேட்டால், “நல்லாத்தான் இருந்தது” என்பார். தொடங்கும் முன்பே, “நான் எத்தனை முறை குறுக்கே பேசுகிறேன் என்று எண்ணிச் சொல்லுங்கள்” என்று கேட்டுவையுங்கள். எண்ணிக்கையைச் சொல்ல யாருக்கும் சங்கடம் இருக்காது.

கே: பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொற்கள் வெறும் 7 சதவீதம் என்கிறார்களே?

ப: நம்பாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து கிளம்பிய கணக்கு அது. அங்கே சோதித்தது விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளை, அதுவும் தனித்தனிச் சொற்களை வைத்து. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தேதியும் தொகையும் சொல்லும்போது சொற்கள்தான் எல்லாம்.

கே: வேலையை விளக்கி “புரிந்ததா?” என்று கேட்டால் தலையாட்டுகிறார்கள். பிறகு வேறு எதையோ செய்து வைக்கிறார்கள்.

ப: மேலதிகாரி அப்படிக் கேட்டால் “புரிந்தது” என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்கள்? விமானக் கட்டுப்பாட்டு அறை உயரத்தைச் சொன்னால், விமானி அந்த எண்ணைத் திருப்பிச் சொல்வார். தவறாக இருந்தால் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்துவார். அலுவலகத்திலும் இதே முறையைக் கையாளலாம். “நான் எதையாவது விட்டிருக்கலாம். முதலில் எதை எடுக்கப் போகிறீர்கள், யாரிடம் என்ன கேட்க வேண்டியிருக்கும், சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சோதனை உங்கள் விளக்கத்துக்குத்தான் என்று தெரிந்தால் அவர்கள் கூச்சப்படாமல் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது நடுவில் திருத்தாமல் முழுதும் கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த முறை மறுபடி தலையாட்டல்தான்.